தொட்டில் ஏறிய எறும்புகள்

முதலில் சத்தியத்தைச் செய்துவிடுகிறேன். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மேல், வீரபாண்டி கௌமாரியம்மன் மேல், போன பங்குனியில் கட்டிய என் புதுப் பல்செட் மேல் ஆணை. இந்த வாரப் பத்தியில் நான் சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை.

பொய் சொல்ல எனக்கு வராது. அது என் பெருமை அல்ல, எனக்குச் சேனை தொட்டு வைத்த கையின் பெருமை. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக ஒரு சொட்டுச் சீனித்தண்ணீர் தொட்டு வைப்பார்களே, அதுதான் சேனை. வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஒருவன் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், "இவனுக்கு யாருப்பா சேனை வச்சது?" என்றுதான் எங்கள் ஊர் கோம்பையில் கேட்பார்கள். எனக்கு வைத்தவர் மாயக்காள் அத்தை. என் அப்பாவின் கடைசித் தங்கை. பிறந்ததிலிருந்து ஒரு பொய் சொல்லாதவர்.

சாட்சி வேண்டுமென்றால் தருகிறேன். ஒரு வாய்க்கால் தகராறில் அத்தை உத்தமபாளையம் கோர்ட்டுக்குப் போனார். கேட்ட கேள்விக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னார். முடிவில் வாதியும் தோற்றார், பிரதிவாதியும் தோற்றார், வாய்க்கால் மட்டும் ஜெயித்தது. இன்றுவரை அதில் தண்ணீர் நின்றதில்லை.

இன்னொன்று. எங்கள் வீட்டு நாய்க்குக் கண் திறக்காத குட்டியிலேயே அத்தை விளையாட்டாகச் சேனை வைத்துவிட்டார். அது வளர்ந்து, திருடனைத் தவிர வேறு யாரைப் பார்த்தும் குரைக்காத நாயானது. விளைவு, சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்கள். ஒருவேளை குரைத்துவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாதே என்று பயம்.

போகட்டும். சென்ற வாரம் விட்ட இடத்துக்கு வருகிறேன்.

என் மகன் சூரியபிரகாஷ் குமுளியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கிறான். மருமகள் தேவயானி உத்தமபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். இப்போது பிரசவ விடுப்பு. பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் தாண்டிவிட்டது. பெயர் வைப்பதில் நடந்த சண்டை நீங்கள் அறிந்ததே. சண்டை இன்னும் முடியாததால் பாப்பா என்றே எழுதுகிறேன்.

தேவயானி ஒரே பிடியாக இருந்தாள். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூடக் கிடையாது. பிரசவ ஆஸ்பத்திரியில் அத்தை முந்தானையில் முடிந்த பால் சங்கோடு கட்டிலருகே போய் நின்றபோதும் அதையேதான் சொன்னாள். "கோவிச்சுக்கிறாதீக அத்தை, சேனை வேணாம்." எங்கள் வீட்டில் எனக்கும் அத்தை, என் மகனுக்கும் அத்தை, தபால்காரருக்கும் அத்தை. இந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை நாக்கையும் விட்டுவைக்காத கை அது. அத்தை முடிச்சை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பாப்பா கொழுகொழுவென்று ஏறி வந்தாள். பிறகு திடீரென்று எடை நின்றுபோனது. அடுத்த புதன்கிழமை கொண்டுவா, பார்ப்போம் என்று நர்ஸ் ஜெபராணி சொன்னதோடு சென்ற வாரம் முடிந்தது.

அந்தப் புதன்கிழமைதான் இது.

விடிந்ததும் விடியாததுமாகத் தேவயானியின் குரல். "மாமா, இங்கன வாங்க. தொட்டில்ல எறும்பு."

தொட்டில் என்றால் என் மனைவி முத்துலட்சுமியின் சுங்குடிச் சேலை. அரக்கு நிறம், வெள்ளைப் புள்ளி. சூரியபிரகாஷை அதில்தான் ஆட்டினோம். அவள் போன பிறகு அதை நான் பீரோவில் வைத்திருந்தேன், யாருக்கும் கொடுக்கவில்லை. எத்தனை முறை துவைத்தாலும் அதில் ஒரு பால் வாசனை உண்டு. இதை என் மகனிடம் சொன்னேன், முகர்ந்து பார்த்துவிட்டுப் பாச்சா உருண்டை வாசனை என்றான். அவனுக்கு மூக்கு அவன் மாமன் வழி.

அந்தச் சேலையில் செவ்வெறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. பாப்பாவின் கழுத்து மடிப்பில் சிவந்து தடித்திருந்தது.

சந்தேகம் நேராக என் மேல் விழுந்தது. நான் சர்க்கரை வியாதிக்காரன். தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து திருட்டுத்தனமாகக் கடலைமிட்டாய் தின்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டாள். நான் தொடவே இல்லை என்றேன். சட்டைப் பையில் கைவிட்டாள். ஒன்று இருந்தது. அது பழையது என்றேன். ஒரு சத்தியவானுக்கு இந்த வீட்டில் இருக்கிற மரியாதை அவ்வளவுதான்.

கோம்பை எறும்பைப் பற்றி அவளுக்குத் தெரியாது, வெளியூர்க்காரி. எங்கள் ஊர் வேட்டைநாய்க்கு இருக்கிற கியாதி எறும்புக்கும் இருந்திருக்க வேண்டும், எழுதி வைக்க ஆள் இல்லாமல் போய்விட்டது. என் அப்பா காலத்தில் ஒரு மூட்டை மண்டை வெல்லத்தை ஒரே ராத்திரியில் தூக்கிப்போய்விட்டு, காலிச் சாக்கை மடித்துத் திருப்பிக் கொண்டுவந்து வைத்த எறும்புகள் அவை. காரணம் இல்லாமல் ஒரு இடத்துக்குப் போகாது. இதைச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்குக் கிளம்பிவிட்டாள். குடை பிடிக்க நானும் போனேன்.

ஜெபராணி தராசுக் கொக்கியில் துணித் தூளியை மாட்டி, அதில் பாப்பாவைப் படுக்கவைத்தாள். முள் ஆடியது. தேவயானி மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை, ஆனால் எனக்கு அது யோகாசனத்தில் பழக்கம். முள் ஆடி ஆடிப் போன வாரம் நின்ற இடத்துக்கே வந்து நின்றது.

வேறு ஏதாவது கொடுக்கிறார்களா என்று ஜெபராணி கேட்டாள். தண்ணீர்கூட இல்லை என்றாள் தேவயானி. எத்தனை தடவை குடிக்கிறாள் என்று கேட்டதற்கு, காலையிலும் ராத்திரியிலும் நன்றாகக் குடிக்கிறாள், பகலில்தான் வாயே வைப்பதில்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறாள் என்றாள். முதலில் மத்தியானம் மார்பு கட்டி வலித்ததாம். இப்போது அந்தக் கட்டும் இல்லையாம். ஜெபராணி பாலூட்டச் சொல்லிப் பக்கத்திலிருந்து பார்த்தாள். பிள்ளை வாயைப் பிடித்திருக்கும் விதத்தில் குறையில்லை என்றாள்.

"இன்னும் ஒரு வாரம் பாப்போம்மா. பகல்லயும் எழுப்பி எழுப்பிக் குடு. அப்பயும் ஏறலைன்னா பெரிய டாக்டர்கிட்டக் காட்டிருவோம். மேல்பால் வேணும்னு அவுக சொன்னா குடுத்துக்கலாம். பிள்ளை வளரணும், அதுதான முக்கியம். அதுல உன் குத்தம் ஒண்ணும் இல்ல."

நல்ல வார்த்தைதான். ஆனால் குற்றம் இல்லை என்று ஒருவர் சொன்ன பிறகுதான் நமக்கு அது குற்றமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

வரும் வழியில் தேவயானி புளியமரம் தாண்டும்போது, "எம் பாலு சத்தில்லாமப் போச்சு போல மாமா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அம்மாவிடம் பால் குடித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சிரிக்காதீர்கள், சத்தியம் செய்திருக்கிறேன். அம்மா வாசலில் சாணி தெளித்துவிட்டு வந்து உட்காருவாள். கையில் ஈரம் இருக்கும், அந்த விரலால்தான் என் நெற்றி முடியை ஒதுக்குவாள். காதைப் பொத்தினாற்போல ஒரு சத்தம் கேட்கும், மதகில் தண்ணீர் விழுவது மாதிரி. அது அம்மாவின் நெஞ்சு. எனக்கு எப்போதும் இடப்பக்கம்தான். வலப்பக்கம் எனக்குக் கிடைத்ததே இல்லை, நகர்ந்து போனால் அம்மா இழுத்து இந்தப் பக்கமே போட்டுவிடுவாள். ஒரு பக்கத்துப் பாலிலேயே நான் இந்த உயரம் வளர்ந்துவிட்டேன், நீ ஏன் கவலைப்படுகிறாய் என்றேன்.

தேவயானி என் உயரத்தை ஒருமுறை பார்த்தாள். பாதிச் சிரிப்பு வந்தது. மீதியை வீட்டு வாசலுக்கு வருவதற்குள் தொலைத்துவிட்டாள்.

மத்தியானம் அவள் புருஷனுக்குப் போன் போட்டாள். நான் ஒட்டுக் கேட்கவில்லை. காது கேட்கும் கருவி அதுவாகக் கேட்டது. "வரும்போது ஒரு பால்பவுடர் டப்பா வாங்கிட்டு வந்துருங்க. ஆமா. நான்தான் சொல்றேன். போதும்ங்க, என்னால முடியல." போனை வைத்துவிட்டு, பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, பக்கத்தில் தரையிலேயே துண்டை விரித்துச் சுருண்டு படுத்தாள். படுத்த நொடியில் தூங்கிவிட்டாள். ராத்திரியெல்லாம் பிள்ளையோடு விழித்தவள்.

முத்துலட்சுமியும் அப்படித்தான் தூங்குவாள். அப்போது திராட்சைத் தோட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் கவாத்து வெட்டுவோம். பிள்ளை பந்தல் கல்லில் கட்டிய தூளியில் கிடப்பான். அவன் அழுதால் அவள் கத்தரியைக் கீழே போட்டுவிட்டுப் போவாள். பந்தல் நிழலில் காலை நீட்டி, பிள்ளை மார்பில் இருக்கும்போதே தலை சாய்ந்து தூங்கிவிடுவாள். இலைச் சந்து வழியாக வெயில் காசு காசாக அவள் மேல் விழுந்து கிடக்கும். எழுப்ப மனசு வராமல் அவள் பங்கு வரிசையையும் நானே வெட்டுவேன். அந்த வருடம் எங்கள் தோட்டத்துத் திராட்சை ஒவ்வொன்றும் எலுமிச்சை அளவு காய்த்தது. வியாபாரி திராட்சை என்று நம்ப மறுத்துவிட்டதால் நஷ்டம்.

இதையெல்லாம் நினைத்தபடி கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். மூடிய கண்ணால் பார்ப்பது எனக்குக் கை வந்த கலை. எறும்பு மறுபடி வந்துகொண்டிருந்தது.

இந்த முறை அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். தொட்டிலிலிருந்து சுவர், சுவரிலிருந்து மூலை, மூலையிலிருந்து சாமி மாடம். எழுந்து போய்ப் பார்த்தேன். விளக்குக்குப் பின்னால் ஒரு துணி முடிச்சு. உள்ளே வெள்ளிச் சங்கு. மூக்கில் பிசுபிசுவென்று சீனிப்பாகு ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் முந்தானையில் பார்த்த அதே சங்கு.

அப்போது தொட்டிலில் சிணுங்கல் கேட்டது. சமையலறையில் அரவம். சங்கை வைத்துவிட்டுக் கட்டிலில் வந்து விழுந்தேன்.

அத்தை வந்தார். சத்தமில்லாமல் மாடத்திலிருந்து சங்கை எடுத்தார். டம்ளரிலிருந்து ஊற்றி, பிள்ளையை மடியில் கிடத்தி, சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். தரையில் கிடந்த தேவயானியைப் பார்த்தபடியே பாப்பாவின் காதில் சொன்னார்: "சத்தம் போடாதடி. உன் ஆத்தா அசந்து கெடக்கா, செத்த தூங்கட்டும்."

பாப்பா சப்புக்கொட்டிவிட்டு அடங்கினாள். எறும்புக்கு மிச்சம் கன்னத்தில் இருந்தது.

என் நிலைமையை நீங்கள் யோசித்துப் பாருங்கள். மலையிறங்கி ஒரு டப்பா வந்துகொண்டிருக்கிறது. அது வந்தால் தன் பால் தோற்றுவிட்டது என்று அந்தப் பெண் காலம் முழுக்க நம்புவாள். உண்மையைப் போட்டு உடைத்தால், கேட்காமலே எல்லாம் செய்து ஒரு காலமும் குறை வைக்காத அத்தையை மருமகள் முன்னால் கள்ளியாக நிறுத்தியதாகும். சொல்லாமல் விட்டால் எறும்புப் பழி என் தலையில் நிற்கும். கடைசிக் காரணம்தான் என்னை எழுப்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேவயானி விழித்ததும், அத்தையிடம் ஒரு கேள்வி கேள் என்று சொன்னேன். "சுத்தி வளைக்காதம்மா. நேராக் கேளு. அவுகளுக்குப் பொய் சொல்ல வராது."

அவள் என்னைப் பார்த்தாள். சுவரில் ஊர்ந்த வரிசையைப் பார்த்தாள். டீச்சர் அல்லவா, மீதியை அவளே கணக்குப் போட்டுவிட்டாள். அத்தை அடுக்களையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பால் ஊற வேண்டும் என்றுதான் அந்தப் பூண்டும்.

"அத்தை, பாப்பாவுக்கு ஏதாச்சும் குடுத்தீகளா?"

"குடுத்தேன்."

"என்ன குடுத்தீக?"

"சீனித்தண்ணி. மத்தியானத்துல, நீ அசந்து தூங்குறப்ப."

"எங்கிட்டச் சொல்லலையே அத்தை."

"நீ கேக்கலையே ஆத்தா."

உரித்த பூண்டைத் தட்டில் போட்டுவிட்டு அடுத்த பல்லை எடுத்தார் அத்தை.

தேவயானி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அத்தை எதிரே தரையில் உட்கார்ந்தாள். "அவ வயிறு என் உள்ளங்கை அகலம்கூட இல்ல. அதைத் தண்ணிய வச்சு நெரப்பிட்டா அவ எப்படி அத்தை பாலைத் தேடுவா? அவ தேடிக் குடிச்சாத்தான எனக்கு ஊறும்? நான் எம் பாலு வத்திப்போச்சுன்னு..."

"என்னைய மட்டும் என்ன பாலுலயா வளத்தாக?" என்றார் அத்தை. குரல் இறங்கியிருந்தது. "எங்க ஆத்தாளுக்குப் பாலு இல்ல. சீனித்தண்ணிதான் ஊத்துனாக."

"அதுலயா அத்தை நீங்க பொழச்சீக?"

நேரான கேள்வி. சுவர்க்கடிகாரம் நின்றுவிட்டது. பேட்டரி தீர்ந்தது என்று பிறகு சூரியபிரகாஷ் சொன்னான், எனக்கு நம்பிக்கை இல்லை.

"இல்ல" என்றார் அத்தை கடைசியில். "அதுல சாகத்தான் கெடந்தேன். நாலு நாளு தாங்காதுன்னு பேசிட்டாகளாம். எங்க மதினி வந்து, கழுதைகளா, பிள்ளைய எங்கிட்டக் குடுங்கன்னு பிடுங்கி மாருல போட்டுக்கிட்டாளாம். அவ பாலுதான் இந்த ஒடம்பு."

எழுந்து போனார். மாடத்திலிருந்து சங்கை எடுத்துவந்து தேவயானி முன்னால் வைத்தார். டம்ளரில் மிச்சம் இருந்த தண்ணீரையும் வைத்தார். "இந்தா. ரெண்டையும் கொண்டுபோயி வெளியில எறி. எனக்குக் கை வரல."

தேவயானி சங்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை அத்தையின் கையிலேயே வைத்தாள்.

"எறிய வேணாம். எனக்கு ஊத்துங்க."

அத்தைக்கு விளங்கவில்லை.

"அந்தத் தண்ணிய எனக்கு ஊத்துங்க அத்தை. நான் பாலாக்கித் தர்றேன்."

சொல்லிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள், சின்னப் பிள்ளை மாதிரி. அத்தை சங்கில் தண்ணீரை எடுத்தார். ஒரு கையால் அவள் மோவாயைப் பிடித்துக்கொண்டு, பிறந்த பிள்ளைக்குப் புகட்டுவதுபோலவே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். இரண்டு பேருக்கும் கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான், ஆனால் அது பூண்டு நெடி.

அன்றிலிருந்து தேவயானியும் பொய் சொல்வதில்லை. முதல் வேலையாக, என் சட்டைப் பையில் இருந்த கடலைமிட்டாய் புதுசுதான் என்று எல்லோரிடமும் சொன்னாள்.

ஒப்பந்தம் இப்படி: பாப்பா எப்போது சிணுங்கினாலும் அத்தை அவளைத் தூக்கிவந்து தேவயானியின் பக்கத்தில் போட வேண்டும். அவள் தூங்கினாலும் போட வேண்டும். பசித்த பிள்ளையை அவளிடம் கொடுப்பது அத்தை வேலை, தேவயானி வயிற்றை நிரப்புவதும் அத்தை வேலை.

வெயில் தாழ்ந்ததும் பாப்பா அழுதாள். அத்தை கொண்டுபோய்ப் போட்டார். சப்புச் சப்பென்று ஒரு சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. அதற்குப் பின்னால் வேறொரு சத்தமும் எனக்குக் கேட்டது, மதகில் தண்ணீர் விழுகிற மாதிரி. வாசலில் வந்து நின்றேன். அத்தையும் வந்து நின்றார். "ஏலே, உனக்குக் கேக்குதா?" என்று மட்டும் கேட்டார். கேட்கிறது என்றேன்.

டப்பா வேண்டாம் என்று சொல்ல தேவயானி புருஷனுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டாள். குமுளியில் மலையிறங்கத் தொடங்கினால் லோயர் கேம்ப் வரும்வரை அவனுக்கு லைன் கிடைக்காது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு, பெரிய வேலையை முடித்த முகத்தோடு, இருப்பதிலேயே பெரிய டப்பாவாக ஒன்றை அணைத்துக்கொண்டு வந்து இறங்கினான். பெண்ஜாதி வாங்கிப் பரண்மேல் வைத்தாள். வாசலிலிருந்த நாய் அவனைப் பார்த்து ஒருமுறை குரைத்துவிட்டு வருத்தப்பட்டது.

டப்பா அங்கேதான் மூடி திறக்காமல் இருக்கிறது. எறும்புகள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிட்டன. அதைத் திறப்பதா, கடைக்கே திருப்புவதா என்பது வருகிற புதன்கிழமை தராசு முள் கையில் இருக்கிறது. பகலில் பாப்பா குடிக்கிறாள். போதுமான அளவு ஊறுகிறதா என்று தேவயானிக்கு இன்னும் தெரியாது. நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், எனக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் பாக்கி. அத்தை சொன்ன அந்த மதினி என் அம்மா. மாயக்காள் அத்தை என்னைவிட ஏழு மாதம் இளையவர், சேனைக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்க வேண்டாம்; வலப்பக்கம் அவருடையது.